கெட்டில் மேல் பழி போடும் முன்

சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமானில், பக்கத்து வீட்டு அக்கா இரண்டே மாதத்தில் இரண்டு புதுக் கெட்டில் வாங்கினார். பழையது, புதியது, அதைவிடப் புதியது, எதைத் தட்டினாலும் வீடு முழுக்க இருட்டு. கடைசியில் மாட்டியது கெட்டில் இல்லை. போன தீபாவளிக்கு அப்புறம் யாருமே தொடாத ஓவன். அதன் சுவிட்ச் அணைத்துதான் இருந்தது. பிளக் மட்டும் சொருகியபடி கிடந்தது.

சுவிட்சை அணைத்தாலே அந்தச் சாமான் கணக்கில் இல்லை என்று நினைப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. பல சொக்கெட்டுகளில் சுவிட்ச், மின்சாரம் வரும் லைவ் வயரை மட்டுமே துண்டிக்கும், அது திரும்பிப் போகும் நியூட்ரல் தொடர்பில்தான் இருக்கும். அந்த ஓவனுக்குள் நீல நிற நியூட்ரல் வயரின் உறை தேய்ந்து, தகரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. 2200 வாட் கெட்டில் ஓடும்போது நியூட்ரலில் திரும்பும் மின்சாரத்தில் கொஞ்சம் ஓவன் வழியாக எர்த்துக்கு ஒழுகும். போனதும் வந்ததும் சமமில்லை என்று கண்டவுடன், ஒழுகலைக் கண்டு மின்சாரத்தை வெட்டும் சுவிட்சான இ.எல்.சி.பி. விழுந்துவிடும்.

ஆகவே சோதிக்கும்போது எல்லாப் பிளக்கையும் கழற்றுங்கள், ஃபிரிட்ஜ் உட்பட. பிறகு விழுந்த இ.எல்.சி.பி.யைத் தூக்கி, ஒவ்வொன்றாகச் சொருகிப் பாருங்கள். எதுவுமே சொருகாமல் விழுந்தால் கோளாறு வயரிங்கில் இருக்கலாம். வயர்மேனைக் கூப்பிட வேண்டியதுதான்.

சரி, விழுந்தது எந்த சுவிட்ச்? இதைப் பார்க்காமலே தூக்கிவிடுகிறோம். டெஸ்ட் பொத்தான் உள்ள இ.எல்.சி.பி. விழுந்தால் எங்கோ எர்த்துக்கு ஒழுகுகிறது. ஒவ்வொரு லைனுக்கும் தனியாக உள்ள சின்ன சுவிட்சான எம்.சி.பி. மட்டும் விழுந்தால் சுமை அதிகம், அல்லது ஷார்ட். போட்ட நொடியிலேயே விழுந்தால் பெரும்பாலும் ஷார்ட். கொஞ்ச நேரம் ஓடி விழுந்தால் கணக்குப் போடுங்கள்: கெட்டில் 2200, ஏர் ஃபிரையர் 1500, ஓவன் 2000, ரைஸ் குக்கர் 700, மொத்தம் 6400 வாட். 230 வோல்ட்டில் அது ஏறக்குறைய 28 ஆம்ப். நான்கும் ஒரே 20 ஆம்ப் லைனில் இருந்தால் அது தாங்காது. இதற்கு வைத்தியம் கெட்டிலையோ ஓவனையோ வேறு லைனுக்கு மாற்றுவது, அல்லது காத்திருந்து ஒவ்வொன்றாகப் போடுவது. 32 ஆம்ப் எம்.சி.பி. மாட்டச் சொல்லும் அண்ணன்மார் எல்லா ஊரிலும் உண்டு. சுவருக்குள் ஓடும் 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் அப்படியேதானே இருக்கிறது? சுவிட்ச் விழாது, வயர் வேகும்.

கிரைண்டர் கதை வேறு. மாவை வழித்ததும் குழாயடியில் வைத்துக் கழுவினால் மோட்டாருக்குள் தண்ணீர் இறங்கும். துணியால் துடைத்தால் போதும். ஓவன் மாதிரி நாள்கணக்கில் சும்மா கிடக்கும் சாமானிலும் சூடேற்றும் கம்பிக்குள் இருக்கும் காப்புப் பொடி, ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நம் ஊர் ஈரக்காற்றுக்குச் சொல்லவே வேண்டாம். பிளக் கழற்றியபின் அடியில் பல்லி, எறும்பு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மூன்று கம்பி பிளக்கில் எர்த்தைக் கழற்றிவிட்டால் விழுவது நின்றுவிடும். உண்மைதான். அப்புறம் அந்த ஒழுகல் உங்கள் கை வழியாகப் போகும். இரண்டு கம்பி பிளக்கைச் சொருக மேல் ஓட்டையில் பேனா மூடியைக் குத்துவதும் இதே ரகம். அடாப்டர் சில வெள்ளிக்குக் கிடைக்கிறது.

மழையில் இடி இடித்து ஒருமுறை விழுந்து, தூக்கிய பிறகு மறுபடி விழாமல் இருந்தால் சாமானைச் சந்தேகிக்க வேண்டாம். டெஸ்ட் பொத்தானை மட்டும் மாதம் ஒருமுறை அழுத்துங்கள். அழுத்தியும் விழாத இ.எல்.சி.பி.யை உடனே மாற்ற வேண்டும்.

அக்காவின் இரண்டாவது கெட்டில் இப்போது எங்கள் வீட்டில் இருக்கிறது. நன்றாகத்தான் கொதிக்கிறது.