கடற்கரைக் கோயிலின் முன் நின்று படச் சட்டகம் அமைக்கப் பழகுதல்

மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலுக்குச் செல்பவர்களில் பலர், பாதையில் வந்தபடியே செல்பேசியை உயர்த்தி, கோயிலைத் திரையின் நட்ட நடுவில் நிறுத்தி ஒரு படம் எடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். மேற்கிலிருந்து நேராகப் பார்க்கும்போது, கருவறைகளுக்கு மேல் கூம்பாக எழும் இரண்டு விமானங்களில் சிறியது பெரியதன் முன்னால் நின்று அதை மறைப்பதால், படத்தில் இரண்டும் ஒரே கற்குவியலாக ஒட்டிக்கொண்டு தெரியும். தெற்கிலோ வடக்கிலோ சில அடிகள் நகர்ந்து பாருங்கள். இரண்டு சிகரங்களுக்கும் இடையே ஒரு கீற்று வானம் திறந்துகொள்ளும். சட்டகம் அமைப்பதில் பாதி வேலையைக் கால்களே செய்துவிடுகின்றன என்பதால், ஜூம் செய்வதை இப்போதைக்கு மறந்துவிடலாம்.

அடுத்து, கேமரா அமைப்புகளில் கிரிட் கோடுகளை இயக்குங்கள். திரை ஒன்பது கட்டங்களாகப் பிரியும். பெரிய விமானத்தை ஒரு செங்குத்துக் கோட்டின் மீது வைத்து, மேகம் நன்றாக இருந்தால் அடிவானத்தைக் கீழ்க்கோட்டுக்கும், வானம் வெளிறிக் கிடந்தால் மேல்கோட்டுக்கும் கொண்டுவர வேண்டும். மூன்றில் ஒரு பங்கு விதி எனப்படும் இதற்கு, புகைப்படக்கலை பிறப்பதற்கு முன்பே, 1797-இல், ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கிலேய ஓவியர் நிலக்காட்சி ஓவியங்களைப் பற்றி எழுதியபோது பெயர் வைத்துவிட்டார். விதி என்று சொன்னாலும் இது தொடக்கத்துக்கான ஊன்றுகோல்தான். சமச்சீரான காட்சி வேண்டுமென்றால் மேற்குப் பக்கத்துக்கே திரும்பி வந்து, கோயிலைத் துல்லியமாக நடுவில் வைப்பதே சரி. அரைகுறையாக விலகிய நடு மட்டும் ஆகாது.

சுற்றுமதிலின் மேல் வரிசையாக அமர்ந்திருக்கும் நந்திகளிடம் சற்று நேரம் செலவிடுங்கள். உப்புக் காற்றில் முகம் மழுங்கிப்போன ஒரு நந்திக்கு மிக அருகில் சென்று, கேமராவை அதன் முதுகு மட்டத்துக்குக் கொண்டுவந்து, திரையில் அந்த நந்தியையே தொட்டு ஃபோகஸ் செய்தால், பின்னால் உள்ளவை ஒன்றைவிட ஒன்று சிறிதாகிக்கொண்டே போய்ப் பார்வையைத் தாமே இழுத்துச் செல்லும். நின்ற உயரத்திலிருந்து கீழ்நோக்கி எடுத்தால் இந்த ஆழம் கிடைக்காது.

விமானத்தின் உச்சியைப் பிடிப்பதற்காகச் செல்பேசியை மேல்நோக்கிச் சாய்த்தால் விமானம் பின்னால் சரிவது போலத் தோன்றும். பின்னோக்கி நடந்து, செல்பேசியை நிமிர்த்திப் பிடித்து எடுத்துவிட்டு, மிஞ்சும் தரையைப் பிறகு வெட்டிக்கொள்ளலாம். மனிதர் ஒருவர் படத்தில் வந்தால், அவர் பார்க்கும் திசையில் கூடுதல் இடம் விடுங்கள்.

பொத்தானை அழுத்துமுன் சட்டகத்தின் நான்கு ஓரங்களையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட வேண்டும். நான் தொடக்கத்தில் எடுத்த ஒரு படத்தில், விமானத்தின் தலையிலிருந்து விளக்குக் கம்பம் ஒன்று முளைத்து நின்றதை வீட்டுக்கு வந்துதான் கவனித்தேன்.

கடல் கிழக்கே இருப்பதால், நுழைவுப் பக்கத்திலிருந்து பார்ப்பவருக்குக் காலையில் கோயில் கரிய நிழலுருவாகவும், மாலையில் வெயில் பட்டுச் செதுக்கல்கள் தெளிந்தும் தெரியும். ஒரே நந்தியை இரு வேளைகளிலும் பத்துப் பத்துப் படங்கள் எடுத்து, இரவில் அவற்றைச் சிறிய உருவில் அடுக்கிப் பாருங்கள். பெரிதாக்காமலே கண்ணில் நிற்கும் படத்தை எங்கே நின்று எடுத்தீர்கள் என்று குறித்துவைத்து, அடுத்த முறை அங்கிருந்தே தொடங்குங்கள்.