அரிஸ்டாட்டிலின் ‘மெட்டாபிசிக்ஸ்’: படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதல் சறுக்கல் தலைப்பிலேயே நேர்கிறது. ‘மெட்டா’ என்றால் ‘அப்பால்’ என்று எண்ணி, இயற்கைக்கு அப்பாற்பட்ட உலகம் பற்றிய நூல் என்று நினைத்துவிடுகிறோம். அரிஸ்டாட்டில் இந்தச் சொல்லை எங்கும் எழுதவில்லை. அவர் சொன்னது ‘முதல் மெய்யியல்’. ‘த மெட்டா த பிசிக்கா’ என்றால் ‘இயற்கை பற்றிய நூல்களுக்கு அடுத்து வருபவை’. இது பின்னால் வந்த தொகுப்பாளர்கள் இட்ட பெயர். தமிழில் இன்னொரு தடங்கலும் உண்டு. மார்க்சிய மொழிபெயர்ப்புகளில் மெட்டாபிசிக்ஸ் என்ற துறைக்கு ‘இயக்கமறுப்பியல்’ என்ற பெயர் வழங்கியது. அந்தப் பெயரோடு இந்த நூலுக்குள் போனால் எதுவும் பிடிபடாது. இயக்கம் எப்படிச் சாத்தியமாகிறது என்று விளக்கத்தான் ஆற்றல்நிலை (ஆகக்கூடிய நிலை), செயல்நிலை (ஆகிவிட்ட நிலை) என்ற இரட்டைக் கருத்தையே அவர் கொண்டுவந்தார்.

புத்தக எண்ணிலும் கவனம் வேண்டும். நூலில் 14 புத்தகங்கள். கிரேக்க எழுத்துகளே அவற்றின் பெயர்கள். ஆல்பா இரண்டு முறை வருவதால் மூன்றாம் எழுத்தான காமா நான்காம் புத்தகம் ஆகிறது. லாம்டா பன்னிரண்டாம் புத்தகம். குழப்பமே வேண்டாமென்றால் 1831இல் பெர்லினில் வெளியான, அரிஸ்டாட்டில் நூல்களின் கிரேக்க மூலத் தொகுப்பான பெக்கர் பதிப்பின் பக்க எண்ணைக் குறியுங்கள்: பக்கம், இடப்பத்தியா வலப்பத்தியா, வரி. இந்த நூல் 980ஆம் பக்கத்தில் தொடங்கி 1093ஆம் பக்கத்தில் முடிகிறது. ஓரத்தில் இந்த எண் இல்லாத மொழிபெயர்ப்பை வாங்காதீர்கள்.

‘எல்லாம் நீரே’ என்று பழங்கால கிரேக்க மெய்யியலாளர் தாலிஸ் எழுதினார் எனச் சொல்வது அடுத்த தவறு. அவர் எழுதியதாக ஒரு வரிகூட நமக்குக் கிடைக்கவில்லை. 983ஆம் பக்கத்தின் வலப்பத்தியில், இருநூறு ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, அரிஸ்டாட்டில் சொல்வதுதான் நம் கையில் இருப்பது. எல்லாவற்றின் உணவும் ஈரமாயிருப்பதைக் கண்டு தாலிஸ் இந்த முடிவுக்கு வந்திருக்கலாம் என்று அவரே ‘ஒருவேளை’ போட்டுத்தான் எழுதுகிறார். மேற்கோள் காட்டும்போது அந்த ‘ஒருவேளை’யை விட்டுவிடக் கூடாது. அரிஸ்டாட்டிலுக்கு முந்தைய இன்னொரு கிரேக்க மெய்யியலாளரான பார்மெனிடிஸ் விஷயம் வேறு: அவர் கவிதையில் சுமார் 160 அடிகள் அவர் சொற்களிலேயே எஞ்சியிருக்கின்றன.

தமிழ் வாசகர் அதிகம் ஏமாறும் இடம் அரிஸ்டாட்டில் சொல்லும் நான்கு காரணங்கள்: ஒன்று எதனால் ஆனது, அதன் வடிவம் என்ன, அதை உண்டாக்கியது எது, அது எந்த நோக்கத்துக்காக. சைவ சித்தாந்தம் படித்தவருக்குக் குடம் உடனே நினைவுக்கு வரும்: மண் முதற்காரணம், தண்டும் திரிகையும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். மண் பொருந்துகிறது. குயவனும் ஏறக்குறையப் பொருந்துகிறான். ஆனால் துல்லியமாகச் சொன்னால் குயவனிடம் உள்ள கலையே காரணம் என்பார் அரிஸ்டாட்டில். திரிகைக்கு அவரிடம் தனி இடமே கிடையாது. கருவிகளை நோக்கத்துக்குப் போகும் வழியில் வைக்கிறார். மறுபுறம், வடிவக் காரணத்துக்கு அந்த மூன்றில் இடமில்லை. அதற்கு அவர் தரும் எடுத்துக்காட்டு இசையின் எண்மச் சுரத்துக்குரிய 2:1 விகிதம். அது வெளித்தோற்றம் இல்லை, ஒன்றை அதுவாக ஆக்கும் வரையறை. நோக்கக் காரணத்துக்கு எடுத்துக்காட்டு, உடல்நலத்துக்காக நடப்பது. காரணத்துக்கு அவர் ஆளும் ‘ஐதியா’ என்ற சொல்லை ‘ஏன் என்ற கேள்விக்கான விடை’ என்று படித்தால் நான்கும் தாமாகப் பிரிந்து நிற்கும்.

அடிப்படையாக இருப்பதைக் குறிக்கும் ‘ஊசியா’ என்ற கிரேக்கச் சொல்லைப் ‘பொருள்’ என்று பெயர்த்துவிட்டு அதைச் சடப்பொருளாக எடுத்துக்கொள்வதும் அடிக்கடி நடக்கிறது. அரிஸ்டாட்டிலின் இன்னொரு நூலான ‘வகையீடுகள்’ நூலில் முதன்மை ஊசியா என்பது இந்த மனிதன், இந்தக் குதிரை. மெட்டாபிசிக்ஸின் ஏழாம் புத்தகத்திலோ அந்த இடம் வடிவத்துக்குப் போகிறது. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கலக்காதீர்கள். குறிப்பேட்டில் ‘ஊசியா’ என்றே எழுதி, பக்கத்தில் எந்த நூல் என்று குறித்துக்கொள்ளுங்கள்.