மக்களோடு சேர்ந்து ஒருங்கிணைந்த அரச சேவையை வடிவமைத்தல்

இலங்கையில் பல திணைக்களங்களை இணைக்கும் இலத்திரனியல் சேவையை வடிவமைப்போர், ஒரு குடும்பத்தில் நிகழும் நிகழ்விலிருந்து தொடங்க வேண்டும். கொழும்பு மட்டக்குளியில் அரச ஓய்வூதியம் பெற்றுவந்த ஒருவர் வீட்டில் காலமானால், அவருடைய மனைவி கிராம உத்தியோகத்தர், மரணப் பதிவாளர், பிரதேச செயலகம், வங்கி என்று அதே விபரங்களைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியுள்ளது. அண்மையில் இவ்வாறு அலைந்த சிலரைக் கண்டு, அவர்கள் இணங்கினால் அவர்களுடனேயே ஒவ்வொரு கருமபீடத்துக்கும் சென்று, எந்தப் பத்திரம் ஏன் திருப்பப்பட்டது என்பதை அவ்விடத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். மண்டபத்தில் கூட்டும் கருத்தறியும் கூட்டம் இதற்கு ஈடாகாது.

பெயர் விடயத்தில் கூடுதல் நேரம் செலவிடுங்கள். தமிழரிற் பெரும்பாலானோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தையின் பெயரே முன்னெழுத்தாகிறது, மணமான பின் பல பெண்களுக்கு அது கணவரின் பெயராக மாறுகிறது. எனவே அந்த மனைவியின் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயரும் வங்கிக் கணக்கில் வேறொரு பெயரும் இருப்பது இயல்பு. பழைய அடையாள அட்டையில் 9 இலக்கங்களும் ஓர் எழுத்தும் உள்ளன. 2016 முதல் வழங்கப்படும் அடையாள அட்டை எண்ணில் 12 இலக்கங்கள் உள்ளன. இவற்றைப் பிழையெனத் தள்ளும் கணினி, உரியவரையே அந்நியராக்கிவிடும். ஆகவே மக்கள் தங்கள் பத்திரங்களை மேசையில் விரித்து, அவை ஒருவருக்கே உரியவை என்பதை எப்படி நிறுவுகிறார்கள் என்று விளக்கச் சொல்லிக் கேளுங்கள்.

சந்திப்புக்குப் பௌர்ணமி விடுமுறையான போயா தினம் பொருத்தமானது. எனினும் புறக்கோட்டைச் சந்தையில் சுமை தூக்கும் நாட்டாமை வேலை செய்பவர் வருவதாயின், அவர் இழக்கும் நாட்கூலியைக் கொடுப்பதே நியாயம்.

சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ முடித்த படிவத்தை இறுதியில் மொழிபெயர்ப்பதைத் தவிருங்கள். தமிழ்த் திரையையும் முதல் நாளிலிருந்தே வரைந்து, பங்கேற்பவரின் சொந்தக் கைப்பேசியில், உதவியின்றி நிரப்பச் செய்து பாருங்கள். அவர் தயங்கும் சொல்லை மாற்றிவிடுங்கள்.

எந்த விபரம் எந்தத் திணைக்களத்துக்குச் செல்லும் என்பதையும் அவர்களிடமே காட்டிக் கேளுங்கள். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருந்தபோதிலும், ஓய்வூதியத்துக்காகக் கொடுத்த விபரம் வேறெங்கும் போகுமோ என்ற அச்சம் கேட்டால்தான் வெளிவரும்.

திருத்திய வடிவத்துடன் அதே மக்களிடம் திரும்பிச் சென்று, ஏற்கப்பட்டவற்றையும், ஏற்க முடியாதவற்றையும் அவற்றுக்கான காரணத்தையும் எழுதி, கிராம உத்தியோகத்தர் அலுவலகத்தில் தமிழிலும் சிங்களத்திலும் ஒட்டிவையுங்கள்.