பிள்ளை குண்டாகிறதா? தட்டைக் குறைப்பதற்கு முன் காரணத்தைத் தேடுங்கள்

பிள்ளை கொஞ்சம் சதை போட்டதும் பல வீடுகளில் முதலில் வரும் உத்தரவு "இனி உனக்கு ரெண்டு தோசைதான்". தயவுசெய்து அதிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். எதனால் எடை ஏறுகிறது என்று தெரியாமல் சாப்பாட்டில் கை வைத்தால் பிள்ளை ஒளித்து வைத்துத் தின்னப் பழகிவிடும்.

முதலில் குழந்தை மருத்துவரிடம் போய் எடையோடு உயரத்தையும் அளக்கச் சொல்லுங்கள். பெரியவர்களுக்கான பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடைதானா என்று காட்டும் கணக்கு) அளவு பிள்ளைகளுக்கு ஒத்துவராது. 5 முதல் 18 வயது வரை ஆண், பெண் என்று தனித்தனியாக இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2015-இல் வெளியிட்ட வளர்ச்சி வரைபடம் இருக்கிறது, அதில் வைத்துப் பார்க்க வேண்டும். எடை ஏறினாலும் உயரமும் நன்றாக வளர்ந்திருந்தால் பெரும்பாலும் ஹார்மோன் கோளாறு இருக்காது. எடை மட்டும் ஏறி வளர்த்தி நின்றுபோயிருந்தால் தைராய்டு முதலிய பரிசோதனை தேவை. நீண்ட நாள் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடும் பிள்ளைக்குப் பசி கூடி எடை ஏறும், அதற்காக நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

இன்னொன்று, பின்கழுத்தைப் பாருங்கள். கறுத்து, தடித்து, வெல்வெட் துணி மாதிரி ஒரு பட்டை இருக்கிறதா? அழுக்கு என்று நினைத்துப் பீர்க்கங்காய் நாரால் தோல் சிவக்கத் தேய்த்துவிடுகிறார்கள், பாவம். எடை கூடிய பிள்ளைக்கு அப்படி இருந்தால் பெரும்பாலும் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்று அர்த்தம். மருத்துவரிடம் காட்டுங்கள். இரவில் சத்தமாகக் குறட்டை விட்டால் அதையும் சொல்லுங்கள்.

அப்புறம் ஒரு வாரத்துக்கு ஒரு நோட்டுப் போடுங்கள். என்ன தின்றது என்பதோடு எப்போது, யாரோடு, அதற்குக் கொஞ்சம் முன்னால் என்ன நடந்தது என்றும் எழுதுங்கள், காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். உதாரணத்துக்கு, திருப்பூரில் அப்பாவும் அம்மாவும் பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் முடித்து வர ராத்திரி எட்டரைக்கு மேல் ஆகிறது. நாலரைக்கே வீடு திரும்பிய பிள்ளை பூட்டைத் திறந்து, டிவியைப் போட்டு, கொடுத்துவிட்டுப் போன காசில் பேக்கரி பப்ஸும் தேங்காய் பன்னும் குளிர்பானமுமாக அந்த நாலு மணி நேரத்தைக் கழிக்கிறது. கோலா வகைகளில் 250 மில்லிக்கே சுமார் 25 கிராம் சர்க்கரை, அதாவது ஐந்து டீஸ்பூன். ஆனால் அந்தப் பிள்ளைக்கு இருப்பதில் பாதி பசி, பாதி தனிமை. கடையை மட்டும் தடுத்தால் தனிமை அப்படியேதான் இருக்கும். வேகவைத்த நிலக்கடலையோ சுண்டலோ எடுத்து வைத்துவிட்டுப் போங்கள், அதோடு கம்பெனி இடைவேளையில் ஒரு போன் போட்டு "என்ன கண்ணு பண்ற?" என்று கேளுங்கள். பக்கத்தில் அம்மாயி (அம்மாவின் அம்மா) வீடு இருந்தால் இன்னும் நல்லது, அழுதால் பிஸ்கட், மார்க் வாங்கினால் கேக் என்று கொடுக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லி வையுங்கள். வருத்தத்துக்கும் சந்தோஷத்துக்கும் தின்பதே வழி என்று பிள்ளை மனதில் அப்படித்தான் பதிகிறது.

தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் ஹார்மோன் கூடி, வயிறு நிறைந்தது என்று சொல்லும் ஹார்மோன் குறைகிறது. 6 முதல் 12 வயது வரை 9 மணி நேரமாவது தூங்க வேண்டும், பதின்வயதில் 8 மணி நேரம். நாமக்கல் பக்கத்து ஹாஸ்டல் பள்ளியில் சேர்க்கப் போகிறவர்கள் எத்தனை மணிக்கு எழுப்புவார்கள், விளையாட விடுவார்களா என்று கட்டணத்தைக் கேட்பதற்கு முன் கேளுங்கள். தினமும் ஒரு மணி நேரம் வேர்க்க ஓடியாட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு.

சாப்பாட்டு மாற்றம் வீட்டுக்கே பொதுவாக இருக்கட்டும், பிள்ளைக்கு மட்டும் தனித்தட்டு வேண்டாம். நோம்பிக்கு (பண்டிகைக்கு) ஒப்புட்டு, அதாவது போளி, சுட்டால் எல்லோரையும் போல அதுவும் தின்னட்டும். வளரும் வயதில் பல பிள்ளைகளுக்கு எடையைக் குறைக்கக்கூட வேண்டியதில்லை, ஏறாமல் நிறுத்தினால் உயரம் வளர வளரச் சரியாகிவிடும். எது தேவை என்று மருத்துவர் சொல்வார். விசேஷ வீட்டில் "குண்டா" என்று கூப்பிடும் உறவினரை, அவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும், பிள்ளை காதுபட அங்கேயே நிறுத்துங்கள். கேலிக்கு உள்ளாகும் பிள்ளை மைதானத்துக்கே போகாது, அறைக்குள் உட்கார்ந்து இன்னும் அதிகமாகத் தின்னும்.

ஒளித்துத் தின்பது, தின்றதை வாந்தி எடுப்பது, பள்ளிக்குப் போக மறுப்பது, யாரோடும் பேசாமல் இருப்பது இதெல்லாம் தெரிந்தால் உணவுப் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள். உடனே போக முடியவில்லை என்றால் அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416, கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.