உலையில் ஊற்றுவது எந்தத் தண்ணீர்? புளோரைடு ஊர்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் தருமபுரி மாவட்டம் பென்னாகரம் பக்கம் ஒரு கிராமத்தில், புளோரைடு பாதிப்பைக் கணக்கெடுக்கும் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த நான்கு பிள்ளைகளோடு வீடு வீடாகப் போனேன். முதல் வீட்டில் ஒரு பெண் படிவத்தை விரித்துக் கேட்டாள்: "குடிக்கறதுக்கு எந்தத் தண்ணிங்க?"

"ஒகேனக்கல் தண்ணி."

ஒரு டிக் போட்டாள். அடுத்த வீட்டுக்கு நகர்ந்தாள். அவள் நின்ற இடத்திலிருந்து மூன்றடி தள்ளி, அடுப்பில் களிக்கு உலை கொதித்துக்கொண்டிருந்தது. அந்த உலைக்கு ஊற்றியது போர் தண்ணீர், அதாவது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். அவள் பார்க்கவில்லை. 10 வருடங்களுக்கு முன் நானும் இப்படித்தான் டிக் போட்டுவிட்டு நகர்ந்தேன். அதற்கு விலை கொடுத்தது நான் இல்லை, அந்த வீட்டுக் குழந்தைகள். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

பாட்டிலில் ஊர்ப்பெயர் எழுத மறப்பது, தேதி மாற்றிப் போடுவது போன்றவை ஒருமுறை திட்டு வாங்கினால் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

இந்தியாவில் நிலத்தடி நீரின் புளோரைடு மனிதரை முடமாக்குகிறது என்று 1937-இல் முதலில் பதிவானதே அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில்தான். ஷார்ட் என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும் எழுதினார்கள். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் லிட்டருக்கு 1 மி.கி. வரை இருக்கலாம். வேறு வழியே இல்லையென்றால் 1.5 மி.கி. வரை பொறுத்துக்கொள்ளலாம். தருமபுரி, கிருஷ்ணகிரியின் பாறைப் பூமியில் இதைத் தாண்டிய போர்கள் நிறைய. அதற்காகவே 2013-இல், காவிரித் தண்ணீரைக் குழாயில் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. திட்டத்தின் பெயரிலேயே புளோரோசிஸ் என்ற சொல் இருக்கிறது; புளோரைடு மிகுந்து பல்லையும் எலும்பையும் தாக்கும் நோய் அது.

டிடிஎஸ் மீட்டரை நீட்டுவது

பேனா மாதிரி ஒரு மீட்டரைத் தண்ணீரில் முக்கி, "400தான் காட்டுது, நல்ல தண்ணி" என்று சொல்லிவிடுகிறார்கள். அந்த மீட்டர் மொத்த உப்பைத்தான் சொல்லும். அதில் புளோரைடு எவ்வளவு என்று அதற்குத் தெரியாது.

ஆபத்து இதைவிடப் பெரியது. தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து நிறைய இருந்தால் அது புளோரைடைப் பிடித்துக் கீழே படியவைத்துவிடும். சுண்ணாம்பு குறைந்து, சோடியமும் பைகார்பனேட்டும் கூடிய தண்ணீரில்தான் புளோரைடு தாராளமாகக் கரைந்து நிற்கும். அந்தத் தண்ணீர் நாக்குக்கு இதமாக இருக்கும், சோப்பு நன்றாக நுரைக்கும், பாத்திரத்தில் வெள்ளைப் படிவு விழாது. "எங்க ஊர்லயே ருசியான தண்ணி இதுதாங்க" என்று ஒரு போரைக் காட்டினால், நான் முதலில் மாதிரி எடுப்பது அதில்தான்.

மாதிரியைக் கண்ணாடி பாட்டிலில் எடுப்பது

பிளாஸ்டிக் பாட்டில். அவ்வளவுதான்.

பல்லைப் பார்த்து முடிவு கட்டுவது

பல்லில் பழுப்புக் கோடு இருந்தால் புளோரோசிஸ், வெள்ளையாக இருந்தால் இல்லை என்று கணக்குப் போடுகிறார்கள். பல் உருவாகும் பருவத்தில், ஏறக்குறைய எட்டு வயதுக்குள், புளோரைடு உடம்பில் சேர்ந்தால்தான் எனாமலில் கறை விழும். வேறு ஊரில் வளர்ந்து இருபது வயதில் கல்யாணமாகி இங்கே வந்த மருமகளுக்குப் பல் முத்துப் போலத்தான் இருக்கும். அவளுக்கு எலும்பில் ஏறும்.

அப்படி ஒரு அக்காவை எனக்குத் தெரியும். இருபத்தைந்து வருடம் இந்த ஊர்த் தண்ணீர். கழுத்தைத் திருப்ப முடியாது, யாராவது கூப்பிட்டால் உடம்போடு சேர்ந்து திரும்புவார். பல் சுத்தமாக இருந்ததால் எந்தக் கணக்கெடுப்பிலும் அவர் பெயர் ஏறவில்லை. வலி மாத்திரை மட்டும் வருடக்கணக்காகத் தின்றுகொண்டிருந்தார்.

முழங்கால் மடக்காமல் குனிந்து தரையைத் தொட முடிகிறதா, தாடையை நெஞ்சில் வைக்க முடிகிறதா, இரண்டு கையையும் தலைக்குப் பின்னால் கொண்டுபோக முடிகிறதா என்று செய்யச் சொல்லிப் பாருங்கள். முடியாதவரைச் சிறுநீர்ப் பரிசோதனைக்கும், முன்கை எக்ஸ்ரேவுக்கும் அனுப்புங்கள். மூட்டுவலி எல்லாமே புளோரோசிஸ் என்று நீங்களாகச் சொல்லிவிடவும் கூடாது.

கொதிக்க வைக்கச் சொல்வது

கிருமிதான் சாகும். புளோரைடு போகாது. தண்ணீர் ஆவியாகிச் சுண்டச் சுண்ட அது கூடும்.

சமைக்கிற தண்ணீரைக் கேட்காமல் விடுவது

எனக்கு இன்றும் ஆறாத தவறு இது.

நான் சொல்லும் ஊரில் போர் தண்ணீரில் லிட்டருக்கு 4 மி.கி. புளோரைடு. ஒகேனக்கல் தண்ணீர் வந்ததும் நாங்கள் கூட்டம் போட்டோம், நோட்டீஸ் கொடுத்தோம், "இனி போர் தண்ணி குடிக்காதீங்க" என்று வீடு வீடாகச் சொன்னோம். கேட்டார்கள், ஊரே மாறியது. மூன்று வருடம் கழித்துச் சிறுநீர் மாதிரி எடுத்தால், பெரியவர்களிடம் புளோரைடு நாங்கள் எதிர்பார்த்த அளவுக்குக் குறையவில்லை. உடம்பிலுள்ள புளோரைடில் பெரும்பகுதி எலும்பில்தான் இருக்கும், தண்ணீரை மாற்றிய பிறகும் வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். "பழைய சரக்குதான் வருது" என்று எங்களுக்கு நாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டோம். அறிக்கையிலும் அப்படியே எழுதினோம்.

அந்தச் சமாதானத்தை உடைத்தது ஒரு இரண்டரை வயதுக் குழந்தை. ஒகேனக்கல் தண்ணீர் வந்த பிறகு பிறந்தவள். அவள் எலும்பில் எங்கிருந்து பழைய சரக்கு வரும்? ஆனால் அவளுடைய அளவு கிட்டத்தட்ட அம்மாவின் அளவுக்கு இருந்தது. லேபில் பாட்டில் மாறிவிட்டது என்று மறுபடி எடுத்தோம். மறுபடியும் அதே அளவு.

மறுநாள் விடியற்காலையில் அந்த வீட்டுக்குப் போய்த் திண்ணையில் உட்கார்ந்தேன். பாட்டி போர் தண்ணீரைக் குடத்தோடு கொண்டுவந்து உலைப் பானையில் கவிழ்த்தார். நொய் வெந்தது, ராகி மாவைக் கொட்டினார், துடுப்பால் கிளறினார். அடுத்த அடுப்பில் பருப்புக்கும் அதே குடம். டீக்கும் அதே.

"பாட்டி, ஒகேனக்கல் தண்ணிதானே சொன்னீங்க?"

"அது குடிக்கறதுக்குக் கண்ணு. நீதான குடிக்கக் கூடாதுன்ன? இது அடுப்புல காயுதில்ல, எல்லாம் செத்துப்போயிடும்."

அவர் நாங்கள் சொன்னதை எழுத்துப் பிசகாமல் செய்திருந்தார். சொன்ன சொல்தான் தப்பு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். களியில் வடிப்பதே கிடையாது, ஊற்றிய தண்ணீரில் ஆவியானது போக எல்லாம் மாவுக்குள்தான் இருக்கிறது. ஆவியான தண்ணீரிலிருந்த புளோரைடும் அங்கேயேதான் நிற்கிறது. களி, சோறு, பருப்பு, ரசம், டீ எல்லாம் சேர்த்து ஒரு பெரியவர் சாப்பாட்டின் வழியாக நாளுக்கு ஒன்றரை லிட்டர் எடுத்துக்கொள்கிறார் என்று வையுங்கள். 4 மி.கி. தண்ணீரில் அது 6 மி.கி. அந்தக் குழந்தைக்கு 400 மி.லி. என்றாலும் 1.6 மி.கி. ஒன்று முதல் மூன்று வயது வரை நாளுக்கு 1.3 மி.கி.க்கு மேல் போகக்கூடாது என்று அமெரிக்காவின் இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின் 1997-இலேயே உச்ச வரம்பு வைத்திருக்கிறது. அவள் ஒரு சொட்டு போர் தண்ணீர்கூடக் குடிக்காமல், சாப்பிட்டே அதைத் தாண்டிக்கொண்டிருந்தாள். பல் உருவாகிற வயதில் இரண்டு வருடம் போய்விட்டது. அது திரும்பி வராது.

அன்று பாட்டியிடம் இன்னொன்றும் கேட்டேன்: ஏன் சமையலுக்கு இதே தண்ணீர்? ஒகேனக்கல் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள், நாலு குடம்தான் கிடைக்கும், குளோரின் வாடை வரும் என்றார். நான் எதிர்பார்த்த பதில்கள்தான். கடைசியாகச் சொன்னதைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை: "இந்தத் தண்ணியில பருப்பு சீக்கிரம் வேகும் கண்ணு." உண்மை. சுண்ணாம்பு குறைந்த தண்ணீரில் பருப்பு சீக்கிரம் குழையும். எந்தக் குணம் புளோரைடைத் தண்ணீரில் நிற்க வைக்கிறதோ, அதே குணம்தான் அதைச் சமையலுக்கு உகந்த தண்ணீராகவும் ஆக்குகிறது. விறகு சுமக்கிற பெண்ணுக்கு அது பெரிய விஷயம். இதைக் கேட்காமல் அறிவுரை சொன்னால் யாரும் மாற மாட்டார்கள்.

எனக்கு எரிச்சல் வருவது எங்கே என்றால், இத்தனைக்குப் பிறகும் படிவத்தில் "குடிநீர் ஆதாரம்" என்று ஒரே ஒரு கட்டம்தான் இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் கட்டத்தில் இருப்பதை மட்டும் கேட்கிறார்கள். தயவுசெய்து அடுப்படிக்குள் போங்கள். "உலைக்கு எந்தத் தண்ணி, டீக்கு எந்தத் தண்ணி, குழந்தைக்குக் கூழ் கரைக்கறது எதுல?" என்று தனித்தனியாகக் கேளுங்கள். பதிலைக் கட்டத்துக்கு வெளியே, ஓரத்தில் எழுதுங்கள்.

நாலு குடம்தான் கிடைக்கும் வீட்டுக்கு வரிசை சொல்லிக் கொடுங்கள். முதலில் குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் குடிக்கவும் சமைக்கவும், பிறகு களி உலை, சோற்று உலை, பருப்பு, டீ. குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ, காய்கறி அலச போர் தண்ணீரே போதும். தோல் வழியாகப் புளோரைடு ஏறாது. இந்த ஒரு வாக்கியம் சொன்னாலே ஒரு குடம் மிச்சமாகும்.

களியை நிறுத்தச் சொல்வது

மேலே சொன்னதைப் பாதி கேட்டுவிட்டு, "களி சாப்பிடாதீங்க" என்று சொல்லும் பிள்ளைகளையும் பார்த்தேன். நூறு கிராம் ராகியில் 340 மி.கி.க்குக் குறையாமல் கால்சியம் இருக்கிறது. நம் தானியங்களில் வேறெதிலும் அவ்வளவு கிடையாது. வயிற்றில் கால்சியம் இருந்தால் புளோரைடில் ஒரு பகுதியைப் பிடித்து மலத்தோடு வெளியே கொண்டுபோகும். கால்சியமும் வைட்டமின் சி-யும் குறைந்த உடம்பில்தான் புளோரோசிஸ் கடுமையாகத் தாக்கும். ஏழை வீட்டிலிருந்து ராகியைப் பிடுங்கினால் இருக்கிற ஒரே கவசத்தையும் பிடுங்கியதாகும். தண்ணீரை மாற்றுங்கள், களி இருக்கட்டும். கூடவே முருங்கைக் கீரை, மோர், நெல்லிக்காய், கொய்யா.

புளியை மருந்தாக்குவது

ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவன விஞ்ஞானிகள் பள்ளி மாணவர்களுக்குப் புளி கொடுத்துப் பார்த்து, சிறுநீரில் புளோரைடு கூடுதலாக வெளியேறியதாக 2002-இல் எழுதினார்கள். நல்ல செய்தி, ரசம் வையுங்கள். ஆனால் அந்த ரசத்தையே 4 மி.கி. தண்ணீரில் வைத்தால்?

இன்னும் ஆழமாக போர் போடச் சொல்வது

சொல்லாதீர்கள். பாறையோடு அதிக காலம் உறவாடிய தண்ணீரில் பெரும்பாலும் புளோரைடு கூடத்தான் இருக்கும். மழைநீரில் அது மிகக் குறைவு. கூரைத் தண்ணீரைச் சேமிக்க ஒரு தொட்டி கட்டச் சொல்லுங்கள்.

ஆர்ஓ வைத்ததும் கடமை முடிந்தது என்று வருவது

மெழுகுவர்த்தி வடிகட்டியோ, புறஊதா விளக்கு வைத்த இயந்திரமோ, மண்பானையோ புளோரைடை எடுக்காது. ஆர்ஓ எடுக்கும், அதற்குள் வடிகட்டுகிற மெம்பிரேன் நன்றாக இருக்கும்வரை. வருடத்துக்கு ஒருமுறையாவது, வெளியே வரும் தண்ணீரை லேபில் கொடுத்துப் பாருங்கள். கழிவுக் குழாயிலும் கண் வையுங்கள், புளோரைடு அதில்தான் செறிந்து வரும். ஒரு வீட்டில் அதை வீணாக்க மனமில்லாமல் பக்கெட்டில் பிடித்து வைத்திருந்தார்கள். எதற்கு என்று கேட்டேன்.

"சோறு வடிக்கங்க" என்றார் அந்த அம்மா.