ஒரே அவுட்போர்டு மோட்டார், இரண்டு புரொப்பெல்லர்: ஸ்கீயிங்குக்கும் வேகத்துக்கும் படகை அமைப்பது

தண்ணீரில் கிடக்கும் ஆளை ஸ்கீயில் எழுப்பி நிறுத்த இழுவிசை வேண்டும். வேகத்துக்குப் பிட்ச் (வழுக்காமல் இருந்தால் புரொப்பெல்லர் ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்) கூடுதலாக வேண்டும். இரண்டையும் ஒரே புரொப்பெல்லரிடம் கேட்டால் இரண்டுமே அரைகுறையாகத்தான் கிடைக்கும். ஆகவே இரண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வேகத்துக்கானது. வழக்கமான எரிபொருளும் இரண்டு பேரும் ஏறி, முழு த்ராட்டிலில் டிரிம்மை (மோட்டாரின் சாய்வை) சரிசெய்து ஓட்டுங்கள். கையேட்டில் 5000–6000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எஞ்சின் சுற்றுகள்) என்றிருந்தால் முள் 5800 வாக்கில் நிற்க வேண்டும். பிட்சை 1 அங்குலம் கூட்டினால் ஏறக்குறைய 150–200 ஆர்பிஎம் குறையும். குறைத்தால் அதே அளவு ஏறும்.

ஸ்லிப்பையும், அதாவது புரொப்பெல்லர் நீரில் வழுக்குவதால் இழக்கும் வேகத்தையும் பாருங்கள். 5800 ஆர்பிஎம், 21 பிட்ச், 1.86 கியர் விகிதம் என்றால் வழுக்கல் இல்லாத வேகம் 5800 × 21 × 0.001524 ÷ 1.86 (0.001524 என்பது நிமிடத்துக்கு அங்குலத்தை மணிக்குக் கி.மீ. ஆக்கும் எண்), அதாவது மணிக்குச் சுமார் 100 கி.மீ. ஜிபிஎஸ் 88 காட்டினால் ஸ்லிப் 12 சதவீதம். இது நல்ல நிலை. 20-ஐத் தாண்டினால் மோட்டார் உயரம் அதிகம், அல்லது இலை வளைந்திருக்கிறது.

ஸ்கீ புரொப்பெல்லருக்கு 3 அங்குலம் குறைவான பிட்ச், முடிந்தால் நான்கு இலை. திருப்பத்திலும் அது பிடியை விடாது. ஆனால் ஆள் இல்லாமல் முழு த்ராட்டில் கொடுத்தால் ஆர்பிஎம் வரம்பை மீறும்; அதற்குமுன் கையைத் தளர்த்துங்கள். மாறாக, வேகப் புரொப்பெல்லரோடு கனத்த ஆளை இழுத்தால் முழுத் த்ராட்டிலிலும் எஞ்சின் கீழ் ஆர்பிஎம்மிலேயே முக்கும். பிஸ்டனைக் கெடுப்பது இந்த முக்கல்தான்.

மோட்டாரின் உயரம்தான் பெரும்பாலோர் தவறவிடும் இடம். படகின் அடிப்பரப்போடு நேர்கோலை வைத்துப் பாருங்கள். கேவிடேஷன் பிளேட் (புரொப்பெல்லருக்கு மேலே மோட்டாரில் உள்ள கிடைத்தட்டு) அதே மட்டத்திலிருந்து தொடங்கட்டும். மோட்டாரைப் படகில் பூட்டும் துளைகளில் ஒவ்வொரு துளையாக (சுமார் 19 மி.மீ.) உயர்த்தி, ஒவ்வொரு முறையும் ஓட்டிப் பாருங்கள். வேகம் ஏறிக்கொண்டே வரும். பிறகு ஒரு கட்டத்தில், விழுந்தவரை எடுக்கச் சட்டென்று திருப்பும்போது எஞ்சின் அலறும், முள் எகிறும், படகு நகராது. புரொப்பெல்லர் காற்றை இழுக்கிறது. ஸ்கீயிங்குக்கு அங்கிருந்து ஒரு துளை இறக்குங்கள். ஜாக் பிளேட் (மோட்டாரை ஏற்றி இறக்கும் தாங்கி) இருந்தால் வேகத்துக்கு மறுபடி ஏற்றிக்கொள்ளலாம், ஆனால் நீர் அழுத்த மானி இல்லாமல் ஏற்றாதீர்கள்: எஞ்சினைக் குளிர்விக்கத் தண்ணீர் எடுக்கும் துளைகள் வெளியே வந்தால் அழுத்தம் சரிந்து எஞ்சின் சூடேறிவிடும்.

ஆளை எழுப்பும்போது டிரிம் முழுக்க உள்ளே (மோட்டாரின் கீழ்ப்பகுதி படகை ஒட்டி). படகு மேலெழுந்ததும் மெல்ல வெளியே. மூக்கு துள்ளத் தொடங்கினால் சற்று உள்ளே தள்ளுங்கள். வேகத்தில் இருபுறமும் ஆடினால், முதலில் ஸ்டியரிங் லூசாக இருக்கிறதா என்று பாருங்கள்.

கயிற்றைக் கட்டப் பலமான பைலனோ (இழுவைக் கம்பம்), டிரான்சம் (படகின் பின்சுவர்) வளையங்களில் மாட்டிய மிதக்கும் பிரைடலோ (இரு முனையும் வளையத்தில் மாட்டும் V வடிவக் கயிறு) போதும். சாதாரண கிளீட்டில் (படகைக் கரையில் கட்டும் கொக்கி) கட்டாதீர்கள், பிய்ந்துவரும். கயிறு 23 மீட்டர். புதியவருக்கு மணிக்கு 30–35 கி.மீ. போதும். பின்னால் பார்க்கத் தனி ஆள் வேண்டும். கில் கார்டு (இழுபட்டால் எஞ்சினை நிறுத்தும் கயிறு) ஓட்டுபவர் உடலில் இருக்கட்டும். ஸ்கீ ஓட்டியவர் படகை நெருங்கினால் நியூட்ரல் போதாது, எஞ்சினை நிறுத்துங்கள்.

புரொப்பெல்லரை மாற்றும்போது சாவியை எடுத்துவிட்டு, இலைக்கும் கேவிடேஷன் பிளேட்டுக்கும் இடையே மரக்கட்டை வையுங்கள். ஷாஃப்ட்டுக்குக் கிரீஸ் தடவுங்கள். த்ரஸ்ட் வாஷர் (புரொப்பெல்லருக்கு முன்னால் ஷாஃப்ட்டில் இருக்கும் வளையம்) பழைய புரொப்பெல்லரோடு ஒட்டிக்கொண்டு வந்து, கவனிக்காமல் தண்ணீரில் விழுந்துவிடும். அது இல்லாமல் முடுக்கினால் ஹப் (புரொப்பெல்லரின் நடுப்பகுதி) கியர்கேஸில் உரசும்.