720720: ஒரு பெரிய எண்ணைப் பிரித்துப் பார்ப்பது எப்படி?

பெரிய எண்ணைக் கண்டதும் 2-ஆல் வகு, 3-ஆல் வகு என்று இறங்கிவிடுகிறோம். அதற்கு முன் இலக்கங்களைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள்; சில எண்களில் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். 720720-ஐ எடுத்துக்கொள்வோம். தாளும் பேனாவும் போதும்.

படி 1: இலக்கங்களைப் பாருங்கள்

720 அப்படியே இரண்டு முறை வந்திருக்கிறது. அதாவது 720 ஆயிரங்கள், அதோடு இன்னொரு 720. மொத்தம் 720 × 1001. மூன்று இலக்கங்கள் இப்படித் திரும்ப வரும் எந்த ஆறிலக்க எண்ணுக்கும் இது பொருந்தும்: 358358 = 358 × 1001. இந்த 1001 என்பது 7 × 11 × 13. ஆகவே இந்த வகை எண்கள் எல்லாமே 7, 11, 13 மூன்றாலும் மீதியின்றி வகுபடும். வகுத்துப் பார்க்கவே தேவையில்லை!

படி 2: பகா எண்களாக உடையுங்கள்

மிச்சம் இருப்பது 720. அது 16 × 45. அதாவது 2⁴ × 3² × 5. சரி, இரண்டையும் சேர்த்தால்:

720720 = 2⁴ × 3² × 5 × 7 × 11 × 13

இந்த வரியைத் தனியே எழுதி வையுங்கள். இனி வரும் கேள்விகளுக்கெல்லாம் பதில் இதில்தான் இருக்கிறது.

படி 3: வகுத்திகளை எண்ணுங்கள்

ஒரு வகுத்தியை உருவாக்க 2-ஐ எத்தனை முறை எடுக்கலாம்? எடுக்காமலே விடலாம், அல்லது 1, 2, 3, 4 முறை எடுக்கலாம். ஆக 5 வழிகள். 3-க்கு 3 வழிகள். மற்ற நான்கு பகா எண்களையும் எடுக்கலாம் அல்லது விடலாம். தலா 2 வழிகள்.

5 × 3 × 2 × 2 × 2 × 2 = 240

‘எடுக்காமல் விடுவது’ என்பதையும் ஒரு வழியாக எண்ண மறக்காதீர்கள். எதையுமே எடுக்காதபோது கிடைக்கும் வகுத்திதான் 1.

720720-ஐவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் 240 வகுத்திகள் கிடையாது. இப்படித் தனக்கு முந்தைய எல்லா எண்களையும் வகுத்தி எண்ணிக்கையில் மிஞ்சும் எண்களைப் பற்றித்தான் சீனிவாச இராமானுஜன் 1915-இல் ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார். பள்ளியில் படித்த காரணிப்படுத்தலிலிருந்து அவ்வளவு தூரம் போக முடிவது எனக்கு இன்றும் வியப்புதான்.

படி 4: 1 முதல் 16 வரை

16-க்கு 2⁴ வேண்டும், 9-க்கு 3² வேண்டும், அப்புறம் 5, 7, 11, 13 ஒவ்வொன்றும் ஒருமுறை வேண்டும். நம் வரியில் சரியாக அவ்வளவுதான் இருக்கிறது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எனவே 1 முதல் 16 வரையுள்ள எண்களின் மீச்சிறு பொது மடங்கு 720720. வரியில் 17 இல்லை, அதனால் 17-ஆல் வகுபடாது.

படி 5: முழு வர்க்கமா?

இல்லை. முழு வர்க்கத்தில் எல்லா அடுக்குகளும் இரட்டைப்படையாக இருக்க வேண்டும். இங்கே 5, 7, 11, 13 ஒற்றையாக நிற்கின்றன. அவற்றின் பெருக்கல் 5005. அதால் பெருக்கினால் 60060-இன் வர்க்கம் வந்துவிடும்.

இப்போது 360360-ஐ நீங்களே செய்து பாருங்கள். 192 வகுத்திகள் வர வேண்டும்.